வாழ்பவர்களே வாழ வைக்கிறார்கள்

(தலைப்பு: உலகப் பண்பாடுகளைப் பெரிதும் வாழ வைப்பவர்கள் ஆள்பவர்களா? வாழ்பவர்களா? ‘வாழ்பவர்களே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கத்தையே டிக்கெட் இல்லாமல் எகிப்துக்கும் ஜப்பானுக்கும் அழைத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட எதிரணி அண்ணனுக்கும், என் அணித் தோழர்களுக்கும், இங்கே நாற்காலியிலும் அங்கே வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் என் அன்பான வணக்கம்.

கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களைச் சொல்லிவிட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டு காதால் மட்டும் பட்டிமன்றம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது அவர்கள் கட்சி.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறது ஐயா. என் மாமனார் பெயர், கீழே 1968 என்று ஆண்டு. வீட்டைக் கட்டியவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லை வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கிறது யாரு? முதலில் என் மாமியார் துடைத்தார். இப்போது நான் துடைக்கிறேன். மாமனார் 1968இல் ஒரே ஒரு தடவை வீட்டைக் கட்டினார். அதற்கப்புறம் தினமும் அதை வீடாக வைத்துக்கொண்டிருப்பது நாங்கள். ‘நம்ம பேரு ஏங்க கல்லுல இல்லே?’ என்று என் கணவரிடம் ஒரு நாள் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: ‘துடைக்கிறவங்க பேரெல்லாம் போட்டா கல்லு பத்தாதும்மா.’ (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அவர் விளையாட்டாகச் சொன்னார். எங்கள் அணியின் வாதமே அதுதான். கல்லு பத்தாது.

என் மாணவர்கள் போட்டித் தேர்வுக்குப் பொது அறிவுப் புத்தகம் படிக்கிறார்கள். புரட்டிப் பார்த்தேன். தாஜ்மகாலைக் கட்டியவர் யார்? பெரிய பிரமிடைக் கட்டியவர் யார்? பக்கம் பக்கமாகக் கட்டியவர், கட்டியவர், கட்டியவர். ‘விழாமல் பார்த்துக்கொண்டவர் யார்?’ என்று ஒரு கேள்வி கிடையாது. இரண்டு மார்க்குக்குக்கூடக் கிடையாது.

எதிரணி அண்ணன் எகிப்தைச் சொன்னார். அபு சிம்பெல் கோயிலைச் சொன்னார். நைல் நதியில் அஸ்வான் அணை கட்டினார்கள். கோயில் முழுகப் போகிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் ராமசேஸ் மன்னன் மலையைக் குடைந்து செய்த கோயில். வாசலில் இருபது மீட்டர் உயரத்தில் அவன் சிலைகள். 1964இலிருந்து 1968 வரை, யுனெஸ்கோ கூப்பிட்டு, ஏறத்தாழ 50 நாடுகள் கைகொடுத்து, கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, 65 மீட்டர் மேலே தூக்கி மறுபடி ஒட்டினார்கள். வருஷத்தில் இரண்டு நாள் காலை வெயில் கருவறை வரைக்கும் போய் விழும். அதுகூடத் தப்பாமல் வைத்தார்கள். ‘இது ஆள்பவர்கள் சாதனை இல்லையா?’ என்று அண்ணன் மேசையைத் தட்டிக் கேட்டார்.

சாதனைதான். நான் கை தட்டுகிறேன். பட்டிமன்றம் என்பதற்காக நல்லதை இல்லை என்று சொல்லக்கூடாது.

ஆனால் அண்ணன் பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். அதே தண்ணீரில் முழுகினது கோயில் மட்டுமா? நூபியா என்கிற ஒரு நாடே முழுகியது. எகிப்துப் பக்கம் மட்டும் ஏறத்தாழ 50,000 நூபிய மக்களை, 1963-64இல், படகிலும் ரயிலிலும் ஏற்றிக் கோம் ஓம்போ என்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையிலேயே பிறந்து ஆற்றங்கரையிலேயே வாழ்ந்த ஜனங்களை ஆற்றை விட்டுத் தள்ளி வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். அவர்கள் பேரீச்ச மரங்கள் முழுகின. முன்னோர் புதைகுழிகள் முழுகின. கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, அந்தந்தக் கல்லை அந்தந்தக் கல் பக்கத்திலேயே வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மனிதர்களை அப்படி வைக்கத் தெரியவில்லை.

அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? புது இடத்துக்குப் பழைய ஊர்ப் பெயரையே வைத்தார்கள். தங்கள் நூபிய மொழியை வீட்டுக்குள்ளே பேசினார்கள். கல்யாணப் பாட்டை விடவில்லை. அறுபது வருஷம் ஆகிவிட்டது. அந்த மொழி இன்றைக்கும் பேசப்படுகிறது. மொழியைத் துண்டு போட்டு எண் எழுதிக் கிரேன் வைத்துத் தூக்க எந்தப் பொறியாளராலும் முடியாது ஐயா. அது தாய் வாயிலிருந்து பிள்ளை காதுக்குத்தான் போகும். (கைதட்டல்)

அடுத்து ஜப்பான். இசே கோயில். இருபது வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் அதே அளவில் அச்சு அசலாகப் புதுக் கோயில் கட்டிவிட்டு, பழைய கோயிலை எடுத்துவிடுகிறார்கள். 690இல் ஜிட்டோ பேரரசி காலத்தில் ஆரம்பித்தது, 2013இல் 62ஆவது முறையாகக் கட்டினார்கள். ‘பேரரசி ஆரம்பித்தது, பாருங்கள்’ என்றார் அண்ணன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 690இலிருந்து இருபது இருபதாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 62 வராது, நாலைந்து கூடவே வரும். மிச்சம் எங்கே போயிற்று?

பதினைந்தாம் நூற்றாண்டில் ஜப்பானில் ஆள்பவர்கள் எல்லாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கோயில் புதுப்பிக்கப்படவே இல்லை. மரக்கோயில், உளுத்துப்போகாதா? மறுபடி அதைத் தொடங்கி வைத்தது யார் தெரியுமா? செய்ஜூன் என்கிற ஒரு பிட்சுணி. பௌத்தத் துறவி, கோயிலோ ஷிண்டோ சமயக் கோயில். அந்த அம்மா ஊர் ஊராகக் காணிக்கை திரட்டி, 1563இல் வெளிக்கோயிலைக் கட்ட வைத்தார். நமக்கு மணிமேகலையைத் தெரியும். கையில் பாத்திரம் ஏந்திய பெண் பசியை ஆற்றினாள் என்று காப்பியம் படித்திருக்கிறோம். ஜப்பானில் ஒரு மணிமேகலை கோயிலையே எழுப்பியிருக்கிறாள். பொது அறிவுப் புத்தகத்தில் பேரரசி இருக்கிறாள். பிட்சுணி இல்லை.

சரி, அண்ணன் கூட்டிக்கொண்டு போன ஊருக்கெல்லாம் போய்விட்டு வந்தாயிற்று. இப்போது நான் கூட்டிக்கொண்டு போகிற ஊருக்கு அவர் வரணும். கொஞ்சம் தூரம். தென் அமெரிக்கா, பெரு நாடு.

இன்கா பேரரசு என்று படித்திருப்பீர்கள். மலை மேலே ஆயிரக்கணக்கான மைல் சாலை போட்டவர்கள். ஆற்றைத் தாண்டுவதற்குக் கயிற்றுப் பாலம். அந்தக் கயிறு எதில் செய்தது? புல்லில். நம்ம ஊர் விழல் மாதிரி மலையில் விளைகிற ஒரு முரட்டுப் புல். 1532இல் ஸ்பெயின்காரன் பிசாரோ வந்தான், இன்கா மன்னன் அதவால்பாவைப் பிடித்தான், மறு வருஷம் கொன்றான். பேரரசு முடிந்தது. ஆள்பவர்கள் காலி. அண்ணன் வாதப்படி பார்த்தால் பாலமும் அன்றைக்கே காலியாகியிருக்க வேண்டும்.

அபுரிமாக் என்று ஒரு ஆறு. அதன் மேலே, கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கெஸ்வாசாக்கா என்று ஒரு பாலம் இருக்கிறது. கெஸ்வா என்றால் பின்னின கயிறு, சாக்கா என்றால் பாலம். ஏறத்தாழ 28 மீட்டர் நீளம். இரும்பு இல்லை, சிமெண்ட் இல்லை. முழுக்க முழுக்கப் புல். புல் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வருஷம். அதனால் வருஷா வருஷம் ஜூன் மாதம், சுற்றியிருக்கிற நாலு கிராமத்து ஜனங்கள் கூடி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, மூன்று நாளில் புதுப் பாலம் கட்டுகிறார்கள். நாலாம் நாள் திருவிழா. ஆட்டம், பாட்டம், சாப்பாடு.

எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கேளுங்கள். புல்லை அறுத்து, காயவைத்து, நனைத்து, கல்லால் தட்டி மெதுவாக்கி, ஒவ்வொரு குடும்பமும் ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளத்துக்குச் சன்னக் கயிறு திரித்துக்கொண்டு வரணும். இது வீட்டுப் பெண்கள் வேலை. பல கயிறுகளைச் சேர்த்துத் திரித்தால் அடுத்த கயிறு. அதை மறுபடி பின்னினால் ஆள் தொடை கனத்துக்கு வடம். நம்ம தேர் வடம் மாதிரி! இந்தக் கரையில் பாதிப் பேர், அந்தக் கரையில் பாதிப் பேர் நின்று இழுத்துக் கட்டுவார்கள். பூமித்தாய்க்குப் பூசை போட்டுவிட்டுத்தான் எல்லாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கயிறு முழுக்கத் திரித்துக் கொடுத்தது பெண்கள்தானே? பாலம் கட்டும்போது பெண்கள் கிட்டே வரக்கூடாதாம்! பழைய நம்பிக்கை. மேலே பள்ளத்தாக்கு ஓரமாக உட்கார்ந்துகொண்டு இன்னும் திரித்துக் கொடுக்கணுமாம். அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. உலகம் பூரா ஒரே வீடுதான். (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஏதோ சொல்கிறார்... ‘பக்கத்துலயே இரும்புப் பாலம் இருக்கே’ என்கிறார். இருக்கு தம்பி! லாரி போகிற பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பாலம் இருக்கிறபோதும் புல் பாலத்தை விடவில்லை என்பதுதானே என் கட்சி! அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் இரும்புப் பாலம் போதும். நாலு ஊர் ஒன்றாக உட்கார்ந்து கயிறு திரிக்க வேண்டுமென்றால் புல் பாலம்தான் வேண்டும். 2013இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் கலைகளில் சேர்த்தது. எதைச் சேர்த்தது? பாலத்தையா? இல்லை. பாலம் கட்டுகிற அறிவை, அந்தச் சடங்கை.

2020இல் கொரோனா வந்தது. ஊர் கூட முடியவில்லை. ஒரே ஒரு வருஷம் பாலம் கட்டாமல் விட்டார்கள். 2021 மார்ச் மாதம் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. ஸ்பெயின் படையெடுப்புக்கு விழாத பாலம் ஐயா. ஒரு வருஷம் கயிறு திரிக்காததில் விழுந்துவிட்டது. அதே வருஷம் ஜூனில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு அந்த ஜனங்கள் வந்து மறுபடி கட்டினார்கள். (கைதட்டல்)

இதே மாதிரி ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், ஜென்னே என்கிற ஊரில் ஒரு பெரிய பள்ளிவாசல். முழுக்கக் களிமண். சுவரிலிருந்து பனைக் கட்டைகள் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே திரண்டு அதற்கு மண் பூசுகிறது. பையன்கள் சேற்றை மிதிக்கிறார்கள், பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள், வாலிபர்கள் அந்தக் கட்டைகளில் தொற்றி ஏறிப் பூசுகிறார்கள். எந்தத் தெரு முந்தி என்று போட்டி வேறு. அந்த ஊரில் முன்பு நின்ற பழைய பள்ளிவாசலை, செக்கு அமாது என்கிற ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் இடிக்கவில்லை. மூடினார், பராமரிப்பை நிறுத்தினார். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. 1828இல் ரெனே கையே என்கிற பிரெஞ்சுப் பயணி அங்கே போனபோது உள்ளே ஆயிரக்கணக்கில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருந்தன. இப்போது இருப்பது 1907இல் கட்டியது. அண்ணன் சிரிக்கிறார். ‘பிரெஞ்சு ஆட்சிக் காலத்துல தானே கட்டினது?’ என்று கேட்கப் போகிறார். ஆமாம் அண்ணே. 1907 ஆட்சிக் கணக்கிலேயே இருக்கட்டும். 1908 மழைக்கு யார் வந்தது?

நடுவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இந்த ஒரு கதைக்கு மட்டும் நேரம் கொடுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

போஸ்னியா நாடு. தலைநகர் சாரயேவோ. அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. யூதர்களுடைய புத்தகம். ஹகாதா என்று பெயர். எகிப்தில் அடிமையாகக் கிடந்த யூதர்கள் விடுதலையாகி வந்த கதையை, பஸ்கா பண்டிகையன்று ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து சாப்பாட்டு மேசையில் படிப்பார்கள். இந்தப் பிரதி பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதியது. கன்றுத்தோலில், தங்கமும் நீலமுமாகப் படம் போட்டது. 1492இல் ஸ்பெயின் அரசு யூதர்களை நாட்டை விட்டே துரத்தியது. யாரோ ஒரு குடும்பம், பெயர் தெரியாது, வீட்டை விட்டது, நிலத்தை விட்டது, இதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பக்கங்களில் திராட்சை ரசக் கறை இருக்கிறது. குழந்தை கிறுக்கியது இருக்கிறது. அலமாரியில் வைத்துக் கும்பிட்ட புத்தகம் இல்லை. சாப்பாட்டு மேசையில் சாம்பார் சிந்தின புத்தகம் என்று நம்ம பாஷையில் வைத்துக்கொள்ளுங்களேன். கை மாறி மாறி, 1894இல் சாரயேவோ அருங்காட்சியகத்துக்கு விலைக்கு வந்தது.

1942. ஹிட்லர் படை சாரயேவோவில். ஒரு ஜெர்மன் தளபதி அருங்காட்சியகத்துக்கே வந்து, ‘அந்த யூதப் புத்தகத்தைக் கொடு’ என்கிறான். அங்கே தலைமை நூலகர் டெர்விஷ் கோர்குத். இஸ்லாமியர். புத்தகத்தைத் தன் கோட்டுக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார். தளபதியிடம், ‘உங்கள் அதிகாரி ஒருவர் ஏற்கெனவே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாரே’ என்று சொல்லிவிட்டார்கள். தளபதி இவர் எதிரில் நிற்கிறான். புத்தகம் இவர் வயிற்றில் இருக்கிறது. நம்மால் டிக்கெட் பரிசோதகர் வந்தாலே நிற்க முடியவில்லை! பிறகு அதை மலைக் கிராமத்துப் பள்ளிவாசல் ஒன்றில், குர்ஆன் பிரதிகளுக்கு நடுவே மறைத்து வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. போர் முடிந்ததும் புத்தகம் திரும்பி வந்தது.

அதே ஆண்டில் அவர் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. ஒரு யூதப் பெண், சின்னப் பெண், போக இடமில்லாமல் நிற்கிறாள். கோர்குத்தும் அவர் மனைவி செர்வெத்தும் அவளுக்கு இஸ்லாமியப் பெண்ணின் உடை போட்டு, பெயரை மாற்றி, ‘எங்க குழந்தையைப் பார்த்துக்க வந்த பொண்ணு’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் காப்பாற்றினார்கள்.

சரி, போர் முடிந்து புதிய ஆட்சி வந்தது. ஆள்பவர்கள் அவருக்கு என்ன கொடுத்தார்கள்? பத்ம விருதா? சிறை! தப்பான குற்றச்சாட்டில் வருஷக் கணக்காக உள்ளே போட்டார்கள். 1969இல் இறந்து போனார்.

பிறகு 1992. சாரயேவோ முற்றுகை. ஆகஸ்டு மாதம் தேசிய நூலகம் குண்டு விழுந்து எரிந்தது. நூலகம் எரிந்தது என்றால் தமிழனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 1981, யாழ்ப்பாணம், 97,000 நூல்கள். சாரயேவோவில் ஜனங்கள் வரிசையாக நின்று, சுடுகிறான் என்று தெரிந்தே, கைக்குக் கை புத்தகத்தை மாற்றி வெளியே எடுத்தார்கள். ஒரு இளம் பெண் நூலகர் அதில் உயிரையே விட்டார். இந்த ஹகாதா? அதற்குச் சில மாதம் முன்பே அருங்காட்சியகத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, என்வர் இமாமோவிச் என்கிற பேராசிரியர், அவரும் இஸ்லாமியர், நாலைந்து காவலர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் எடுத்து வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்.

இன்னும் இருக்கிறது. அமைதி வந்ததே, அப்புறமாவது ஆள்பவர்கள் பார்த்துக்கொண்டார்களா? ‘இந்த அருங்காட்சியகம் எந்தத் துறைக்குச் சொந்தம்?’ என்று ஒருவர்மேல் ஒருவர் தள்ளி, பணம் ஒதுக்காமல், 2012இல் வாசலில் பலகை அடித்து மூடிவிட்டார்கள். குண்டு மூடாததைக் கோப்பு மூடியது. ஊழியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். பூட்டின கட்டடத்துக்குள் தூசி தட்டினார்கள், செடிக்குத் தண்ணீர் விட்டார்கள், காவல் இருந்தார்கள். 2015இல் பொதுமக்கள் வந்து, ‘இன்னிக்கு நான் காவல் இருக்கேன்’ என்று அவர்களோடு முறை போட்டு உட்கார்ந்தார்கள். வெட்கப்பட்டோ என்னவோ, அந்த வருஷம் செப்டம்பரில் திறந்தார்கள்.

அந்த யூதப் பெண் என்ன ஆனாள்? வயதான காலத்தில், 1994இல், தன்னைக் காப்பாற்றிய குடும்பத்தைப் பற்றி இஸ்ரேலுக்கு எழுதினாள். இறந்துபோன கோர்குத்துக்கும் மனைவிக்கும் ‘நீதிமான்கள்’ என்று சான்றிதழ் கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து, 1999. கொசோவோவில் போர். கோர்குத்தின் மகள் அங்கே இருக்கிறாள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு அகதி முகாமுக்கு வருகிறாள். கையில் இருந்தது அந்தச் சான்றிதழின் நகல். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து நாட்டு யூதச் சங்கத்தில் காட்டினாள். அவர்கள் அவளையும் கணவரையும் விமானம் ஏற்றி இஸ்ரேலுக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தில் ஒருவர் அவர்கள் மொழியிலேயே பேசிக்கொண்டு வந்து வரவேற்றார். யார் அவர்? அந்தச் சின்னப் பெண்ணின் மகன். (நீண்ட கைதட்டல்)

(நடுவர்: அருமை. ஆனா பேராசிரியை அவர்களே, ஒரு கேள்வி. வாழ்பவர்கள்தான் காப்பாற்றுறாங்கன்னா, வாழ்பவர்களே வேண்டாம்னு விட்டுட்டா? அப்ப ஆள்பவர்கள் வேணாமா?)

நடுவர் ஐயா நல்ல இடத்தில் பிடித்துவிட்டார். இதை மேடையில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊர் காவிரிக் கிளையாறு ஒன்றின் கரையில். தாத்தா நாட்டு வைத்தியர். அவர் போன பிறகு பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. அதில் பதினொரு கட்டு ஓலைச்சுவடி. 1989 ஆடி மாதம். நான் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். என் அப்பாயி பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: ‘ஏ புள்ள, நீ தமிழ்தானே படிக்கிறே. தாத்தா என்னதான் எழுதி வச்சிருக்காருன்னு படிச்சுச் சொல்லேன்.’

ஒரு கட்டைப் பிரித்தேன். சுவடியில் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. ‘க’ எது, ‘சு’ எது என்று எனக்குப் புரியவில்லை. பத்து நிமிஷம் முறைத்துப் பார்த்தேன். ஒரு வரி ஓடவில்லை. ‘எனக்குத் தெரியலை அப்பாயி’ என்று சொல்லியிருக்கலாம். கல்லூரியில் முதல் மாணவி நான். அப்பாயி எதிரில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘எல்லாம் பழசு அப்பாயி. ஒண்ணுமில்லே’ என்றேன்.

‘ஒண்ணுமில்லேன்னா பரண்ல கெடந்து கரையான் தின்ன வேணாம். தாத்தா கைபட்டது. ஆத்தாளோட போகட்டும்’ என்றார் அப்பாயி. பதினெட்டாம் பெருக்கன்று காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வைத்துப் படைத்து, பதினொரு கட்டையும் ஆற்றில் விட்டோம். அப்பாயி கையால் இல்லை ஐயா. என் கையால். உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடிப் போனபோது, இப்படி ஆற்றில் விட்ட கதைகளைக் கேட்டு நொந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தை நான் வகுப்பில் படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன்.

பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறு மாதம் உட்கார்ந்து சுவடி படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆறே மாதம்தான். முதல் நாள் வகுப்பில் ஐயா ஒருவர் கேட்டார்: ‘உங்க யார் வீட்டுலயாவது ஏடு இருக்காம்மா?’ ‘இல்லைங்க ஐயா’ என்றேன். எந்தப் படை வந்து கொண்டுபோயிற்று, எந்த ஆட்சி மூடியது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. நான் வாழ்பவர்கள் கட்சிக்குப் பேச வந்திருப்பதே இதனால்தான். எங்களால்தான் நிற்கிறது என்று மார் தட்டினால், எங்களால்தான் போகிறது என்பதற்கும் நாங்கள்தான் தலை குனியணும். ஆள்பவர்கள்மேல் பழி போட்டுத் தப்பிக்க எங்களுக்கு வழி கிடையாது.

அப்பாயி இறந்த பிறகு அவர் சுருக்குப்பையைப் பிரித்தோம். வெற்றிலைக் காம்பு, இரண்டு ரூபாய் நாணயம் நாலு, நடுவில் மடங்காமல் ஒரே ஒரு ஓலை. அன்றைக்கு அந்தக் கட்டிலிருந்து எப்போது உருவி வைத்துக்கொண்டாரோ, என்னிடம் சொல்லவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது. தாத்தா கைபட்டது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஓலை இப்போது என்னிடம் இருக்கிறது. இப்போது படிக்க முடிகிறது. பச்சைக் குழந்தைக்கு வயிற்று உப்புசத்துக்கு மருந்து. வசம்பு சுட்ட கரி, ஓமம், தாய்ப்பாலில் இழைத்து, ‘அதனுடனே’ என்று எழுதியிருக்கிறார். அதோடு ஓலை முடிகிறது. அதனுடனே என்ன சேர்க்கணும் என்பது அடுத்த ஏட்டில் இருந்தது...

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா.